எண்ணெய் கொஞ்சம், வெயில் கொஞ்சம், பொறுமை நிறைய
தோல் பொருட்களுக்கு நிறமும் மெருகும் ஏற்றும் முறை



பூ வேலை செய்த தோல் பொருட்களுக்குக் கடைசியில் எண்ணெய் பூசி, நிறம் ஏற்றி, மெருகு போடுவது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம். பெல்ட், சாவிக் கொத்து, பர்ஸ், அரிவாள் உறை, மாட்டுக்குச் சலங்கை வார், குதிரைக்குக் கடிவாள வார் என்று எதைச் செய்தாலும் இந்தக் கடைசி வேலை ஒன்றுதான். பத்து நாள் உழைப்புக்கு விலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு நாளில்தான் முடிவாகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நம் குழு ஒன்று பட்ட கஷ்டத்திலிருந்து சொல்கிறேன்.

திரும்பி வந்த 38 பெல்ட்

மலை அடிவாரத்தில் உள்ள நம் குழு ஒன்று, கொடைக்கானல் சீசனுக்காக 60 தோல் பெல்ட் செய்தது. உள்கடன் 12,000 ரூபாய். ஒவ்வொரு பெல்ட்டிலும் கொடியும் பூவும் கையால் அச்சடித்தார்கள். வேலை அவ்வளவு சுத்தம். முடிந்ததும், "பளபளன்னு இருந்தாத்தான் வாங்குவாங்க" என்று தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசினார்கள். அன்று சாயங்காலமே பிளாஸ்டிக் கவரில் போட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் கடையில் கொடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் 38 பெல்ட் திரும்பி வந்தது. பூ வேலையின் பள்ளமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "பூஞ்சை பிடிச்ச சரக்கு" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். விற்ற பெல்ட்டிலும், பேண்ட்டில் எண்ணெய்க் கறை ஒட்டுகிறது என்று புகார். அந்த மாதக் கூட்டத்தில் யார் முகத்திலும் களை இல்லை. "கடனை எப்படி மேடம் கட்டுறது?" என்று ஊக்குநர் கேட்டபோது என்னிடமும் பதில் இல்லை.

அந்தக் குழுவில் வயதான உறுப்பினர் ஒருவர் உண்டு. பாயின் ஓரத்தில்தான் உட்காருவார், அதிகம் பேசமாட்டார். அவர் மாமனார் அந்தக் காலத்தில் கமலைக்குத் தோல் வால் தைத்தவர். அவர் ஒரு பெல்ட்டை எடுத்து முகர்ந்தார், விரலால் தேய்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் கொண்டுபோய் அனலில் காட்டினார். வெள்ளை மறைந்துவிட்டது.

"இது பூஞ்சை இல்ல தாயி. தேங்கா எண்ணெ. மேல போனதும் உறைஞ்சு போச்சு."

கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே மே மாதத்தில்கூடத் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும். சுமார் 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். அடிவாரத்தில் தண்ணீர் மாதிரி இருந்த எண்ணெய், மேலே போனதும் பள்ளத்தில் வெள்ளையாக உறைந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அனலில் காட்டி, துணியால் ஒற்றி, பழைய பல் பிரஷால் பள்ளத்தைத் துடைத்து, 31 பெல்ட்டை மீட்டோம். 7 பெல்ட் எண்ணெய் ஊறித் தொளதொளவென்று ஆகிவிட்டது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் பாட்டி முன்னாடியே சொல்லல?" என்று ஒரு பெண் கேட்டார். "யாரும் கேக்கலியே" என்றார் அவர்.

அந்தப் பதில் எனக்கும் சேர்த்துத்தான். தோல் வேலை என்ற பேச்சு முதலில் வந்தபோது, "வீட்ல என்ன சொல்லுவாங்களோ" என்று பாதிப்பேர் தயங்கினார்கள். அந்த வேலையைத் தலைமுறையாகச் செய்தவரின் வீடோ அதே ஊரில்தான் இருந்தது. பயிற்சிக்கு ஆள் தேடி நான் ஊர் ஊராக அலைந்தேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரை நானும் கேட்கவில்லை. இந்தப் பாடத்தில் பாதி அவர் சொன்னது.

முதலில் தோலைத் தெரிந்துகொள்வோம்

எண்ணெயைப் பற்றிப் பேசும் முன்னால், கையில் இருப்பது எந்தத் தோல் என்று தெரிய வேண்டும். தோல் இரண்டு விதமாகப் பதனிடப்படுகிறது.

ஒன்று, பட்டைத் தோல். ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை போன்றவற்றின் துவர்ப்புச் சத்தில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. நம் திண்டுக்கல் தோல் ஷாப்புகள் இதற்குப் பெயர் போனவை. இந்த முறையில் தமிழ்நாட்டில் பதனிட்ட தோல் வெள்ளைக்காரர் காலத்திலேயே கப்பலேறி இங்கிலாந்து போனது. அதற்கு 'ஈ.ஐ. தோல்' என்று பெயர். கிழக்கிந்தியத் தோல் என்பதன் சுருக்கம் அது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ஆம் ஆண்டு கிடைத்த புவிசார் குறியீடு போல, இந்தத் தோலுக்கும் புவிசார் குறியீடு உண்டு. வழக்கமாக இந்தத் தோலுக்குப் புங்க எண்ணெய் போன்ற எண்ணெய்களை ஏற்றியே பதப்படுத்தினார்கள். ஆகவே தோலுக்கு இயற்கை எண்ணெய் என்பது வெளிநாட்டுச் சரக்கு அல்ல, நம் மாவட்டத்து வழக்கம்.

இன்னொன்று, குரோமியத் தோல். குரோமிய உப்பில் பதனிட்டது. மிருதுவாக இருக்கும், சீக்கிரம் தயாராகும். ஷூ, ஜாக்கெட், கைப்பை பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள். ஆனால் பூ வேலைக்கு இது ஆகாது. அச்சு வைத்து அடித்தால் கொஞ்ச நேரத்தில் பள்ளம் மேலே எழும்பிவிடும். எண்ணெய் பூசினாலும் பட்டைத் தோல் போல அழகாக நிறம் மாறாது.

வாங்கும்போதே சோதித்துப் பாருங்கள்:

1. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளே பழுப்பாக இருக்கும். குரோமியத் தோலில் பெரும்பாலும் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும்.

2. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மெருகு போடாத பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். அந்த ஈரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும்.

3. விரல் நகம் அளவு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு விறைக்கும். நன்றாகப் பதனிட்ட குரோமியத் தோல் பெரிதாக மாறாது.

ஒரு எச்சரிக்கை. மலையில் வாட்டில் மரம் நிறைய இருக்கிறதே, பட்டையை உரித்து நாமே தோல் பதனிடலாமே என்று சில குழுக்கள் கேட்டன. வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் பட்டை உரிப்பது குற்றம். பதனிடும் கழிவு நீரும் சாதாரண விஷயம் இல்லை. தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளின் கழிவு நீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஷாப்பு ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்த மாவட்டங்களில் நம் திண்டுக்கல்லும் இருந்தது. கெட்டுப்போன கிணறுகளின் கதை பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பதனிட்ட தோலை வாங்கி வேலை செய்வதோடு நிற்போம்.

கறுப்பது எதனால்?

பட்டைத் தோலின் நிறம் தோலுக்குள்ளேயே இருக்கிறது. துவர்ப்புச் சத்து வெயிலும் காற்றும் பட்டால் தானாகவே ஆழ்ந்த நிறத்துக்கு மாறும். வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதையும், நறுக்கிய கத்தரிக்காய் நிறம் மாறுவதையும் தினமும் பார்க்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அது மாதிரிதான். ஆவாரம் பட்டைத் தோல் வெயிலில் சிவக்கும். கடைசியில் கடுக்காய் ஏற்றிய தோல் அவ்வளவு சிவக்காது.

எண்ணெய் செய்வது வேறு வேலை. தோலின் நார்களுக்கு இடையே புகுந்து, நார் நாரோடு உரசாமல் காக்கிறது. காய்ந்த தோல் மடங்கும்போது வெடிக்கிறது, எண்ணெய் உள்ள தோல் வளைந்து கொடுக்கிறது. கூடவே நனைந்த துணி ஒரு படி கறுத்துத் தெரிவது போல, எண்ணெய் ஏறிய தோலும் கறுத்துத் தெரிகிறது.

ஆகவே நிறத்துக்காக எண்ணெயைக் கொட்ட வேண்டியதில்லை. நிறத்துக்கு வெயில், வளைவுக்கு எண்ணெய். இதை மனதில் வைத்தால் பாதித் தப்பு குறைந்துவிடும்.

எந்த எண்ணெய்?

விளக்கெண்ணெய்: நமக்கு முதல் இடம் இதற்குத்தான். கெட்டியானது, மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை வராது, மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் போல உறையாது. கமலைத் தோலுக்கு இதைத்தான் பூசினார்கள் என்று நம் பாட்டி சொன்னார்.

நல்லெண்ணெய்: நன்றாக இறங்கும், நிறமும் அழகாக வரும். நாள் பட்டால் சிக்கு வாடை வரலாம், அதிகம் பூசினால் பிசுபிசுக்கும். அவசரத்துக்கு மிக மெல்லிசாகப் பூசலாம்.

புங்க எண்ணெய், வேப்பெண்ணெய்: பூச்சி அண்டாது. ஆனால் வாடை போகாது. மாட்டு வாருக்குச் சரி. டூரிஸ்ட் வாங்கும் பர்ஸுக்கு வேண்டாம். விளக்கெண்ணெய் 100 மில்லிக்கு வேப்பெண்ணெய் நாலைந்து சொட்டு சேர்த்தால் போதும்.

தேங்காய் எண்ணெய்: மலைக்குப் போகும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம். காரணம் மேலே பார்த்தோம்.

ஆளி விதை எண்ணெய்: மரச் சாமானுக்கு நல்லது, தோலுக்கு ஆகாது. காய்ந்து கெட்டியாகித் தோலை வெடிக்க வைக்கும். இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

மாட்டுக் குளம்பு எண்ணெய்: வெளிநாடுகளில் சேணம் செய்கிறவர்கள் அதிகம் பயன்படுத்துவது இதுதான். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. நல்ல எண்ணெய்தான். கிடைப்பதும் விலையும் பார்த்துக் குழுவே முடிவு செய்யலாம்.

தேன்மெழுகு: இது எண்ணெய் இல்லை, மேல் பூச்சு. நம் மலையில் பளியர் மக்கள் தேன் எடுக்கிறார்கள், தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. தேன் பிழிந்த அடையை வீணாக்காமல் விலை கொடுத்து வாங்கினால் அவர்களுக்கும் வருமானம், நமக்கும் நல்ல மெழுகு.

செய்முறை

முதல் படி, காய விடுங்கள். பூ வேலைக்காகத் தோலை நனைத்திருப்போம். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அடிவாரத்தில் ஒரு நாள், மேல் மலையில் பனி மூட்டமாக இருந்தால் இரண்டு மூன்று நாள், நிழலில் காற்றோட்டமாகக் காயட்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை.

இரண்டாம் படி, வெயில் காட்டுங்கள். காலை இளவெயிலில் 2 மணி நேரம், மூன்று நாள். நடுவில் திருப்பி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெயில் படும்படி வையுங்கள். மேலே இலையோ குச்சியோ கிடந்தால் அதன் நிழல் தடம் அப்படியே நின்றுவிடும். உச்சி வெயில் கூடாது, தோல் விறைக்கும். அடுப்பு அனலில் காய வைப்பதும் கூடாது.

மூன்றாம் படி, சோதனைத் துண்டு. அதே தோலில் வெட்டிய கழிவுத் துண்டில் முதலில் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒரே ஷாப்பில் வாங்கினாலும் ஒரு தோல் போல இன்னொரு தோல் இருக்காது. ஷாப்பிலேயே எண்ணெய் ஏற்றிய தோலாகவும் இருக்கலாம். தண்ணீர்ச் சொட்டு உள்ளே இறங்காமல் உருண்டு நின்றால் எண்ணெய் மிகக் குறைவாகப் போதும்.

நான்காம் படி, எண்ணெய். பாட்டிலைச் சாய்த்துத் தோல் மேல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடம் திட்டாகக் கறுத்துவிடும். விளக்கெண்ணெயை வெயிலில் வைத்து இளக்கி, பழைய காட்டன் துணியில் தொட்டு, துணியைப் பிழிந்துவிட்டு, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒரு பெல்ட்டுக்கு முதல் பூச்சுக்கு ஒரு டீஸ்பூன் போதும். வெட்டிய ஓரமும் சதைப் பக்கமும் சீக்கிரம் குடிக்கும், அங்கே கை லேசாகப் போகட்டும்.

ஐந்தாம் படி, பொறுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டமான படி. பூசியவுடன் திட்டுத் திட்டாகத் தெரியும். பயந்துபோய் மேலும் பூசாதீர்கள். ஒரு ராத்திரி விட்டால் எண்ணெய் தானாகப் பரவிச் சமமாகும். மறுநாள் பார்த்து, தோல் இன்னும் காய்ந்தது போல இருந்தால் மட்டும் இரண்டாவது பூச்சு, அதுவும் முதல் பூச்சில் பாதி. எண்ணெய் போதாவிட்டால் நாளைக்குச் சேர்க்கலாம். அதிகமானால் எடுக்க முடியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தோலுக்கும் பொருந்தும்.

ஆறாம் படி, மெழுகு. தேன்மெழுகு 1 பங்கு, விளக்கெண்ணெய் 3 பங்கு, எடை போட்டு எடுங்கள். மெழுகு உருகச் சுமார் 63 டிகிரி சூடு போதும். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்கி, கலக்கி, டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். கடைசிப் பூச்சுக்கு இரண்டு நாள் கழித்து, இதை விரலில் கடலைப் பருப்பு அளவு எடுத்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் பளபளப்பு வரும்வரை தேய்க்கவும். பள்ளத்தில் தங்கிய மெழுகைப் பல் பிரஷால் எடுத்துவிடவும்.

ஏழாம் படி, வெள்ளைத் துணிச் சோதனை. வெள்ளைத் துணியால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். துணியில் எண்ணெய் ஒட்டினால் அந்தப் பொருள் இன்னும் விற்பனைக்குத் தயாரில்லை. இன்னும் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்த 38 பெல்ட் திரும்பி வந்திருக்காது.

நல்ல கறுப்பு வேண்டுமென்றால்

எண்ணெயும் வெயிலும் தருவது தேன் நிறம் முதல் அடர்ந்த பழுப்பு வரைதான். மைக் கறுப்பு வேண்டுமென்றால் இரும்புத் தண்ணீர்தான் வழி. கலம்காரித் துணி வரைகிறவர்கள் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்துக் கறுப்பு மை செய்கிறார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் அது பட்டதும் கறுக்கும். பட்டைத் தோலிலும் அதே துவர்ப்பு இருப்பதால் அதேபோல் கறுக்கும். வினிகரில் ஆணியை ஒரு வாரம் ஊறப்போட்டாலும் சரிதான். ஆனால் பாத்திரத்தை இறுக மூடாதீர்கள், உள்ளே காற்று சேர்ந்து மூடி தெறிக்கும்.

வடிகட்டிய தண்ணீரைப் பிரஷால் ஒரு தடவை பூசி, கறுத்ததும் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, பிறகு எண்ணெய் பூசவும். இப்படிக் கறுப்பாக்கிய தோல் சீக்கிரம் வறளும், எண்ணெய் இல்லாவிட்டால் வெடிக்கும். எண்ணெய் பூசும் முன் கறுப்பாக்க வேண்டும், பூசிய பின் பிடிக்காது.

இதே காரணத்தால்தான் ஈரத் தோலில் இரும்பு படக் கூடாது. இரும்பு வாளியில் நனைத்தாலோ, துருப்பிடித்த கத்தியை ஈரத் தோல்மேல் வைத்தாலோ கருநீலக் கறை விழும். பிளாஸ்டிக் வாளியும் மரச்சுத்தியும் நல்லது.

பூஞ்சையா, எண்ணெயா?

மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனி மூட்டத்திலும் தோலுக்குப் பூஞ்சை பிடிப்பது உண்மைதான். வெள்ளையாகப் படிந்தால் முதலில் லேசான அனலில் காட்டுங்கள். மறைந்தால் எண்ணெய். மறையாமல் தூளாக உதிர்ந்தால், பூசண வாடை வீசினால் பூஞ்சை. பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, இளவெயிலில் காயவிடவும்.

பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள். துணிப் பையிலோ பேப்பரிலோ சுற்றி, சுவரில் படாமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வாங்குகிறவருக்கும் இதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "வருஷம் இரண்டு முறை கொஞ்சம் விளக்கெண்ணெய் பூசவும், பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டாம்." இந்தச் சீட்டுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது, நம் பெயர் நிற்கும்.

குதிரை வாருக்குத் தனிக் கவனம்

ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவர்கள் நம்மிடம் வார் கேட்கிறார்கள். மூட்டைகளைக் குதிரை முதுகில் ஏற்றும் ஊர்களும் நம் மலையில் உண்டு. இது அழகுப் பொருள் இல்லை. வார் அறுந்தால் மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை கீழே விழும். எண்ணெய் குறைந்தால் வெடிக்கும், அதிகமானால் வார் இழுபட்டுத் தளரும். பழைய வாரை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் ஆழமான வெடிப்பு தெரிந்தால் எண்ணெய் பூசி மறைத்துக் கொடுக்காதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். பழைய வாரில் வியர்வை உப்பு இருக்கும். சோப்பு நுரையைத் துணியில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகே எண்ணெய்.

நம் உழைப்பைக் கணக்கில் எழுதுகிறோமா?

அந்தக் குழுவோடு உட்கார்ந்து ஒரு பெல்ட்டுக்குக் கணக்குப் போட்டோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் பாருங்கள்.

தோல் 130, பக்கிள் 25, நூல் மற்றும் பசை 10, எண்ணெய் மெழுகு 8, பேக்கிங் மற்றும் பஸ் 12. மொத்தம் 185 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றார்கள். "65 ரூபாய் லாபம்" என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஒரு பெல்ட்டுக்கு இரண்டரை மணி நேரம் வேலை. 65 ரூபாயை இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 26 ரூபாய். களை எடுக்கப் போனால்கூட இதைவிட அதிகம் கிடைக்கும்! மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தாலே கூலி 125. அடக்க விலை 310 ஆகிறது. அதற்கு மேல்தான் லாபம்.

"அவ்வளவு விலை சொன்னா யார் வாங்குவா?" என்று கேட்கலாம். நன்றாக மெருகு போட்ட கைவேலைக்கு வாங்குகிறவர் இருக்கிறார். மேற்கு வங்காளத்தில் சாந்திநிகேதன் தோல் பொருட்களைப் பாருங்கள். தாகூர் குடும்பத்தினர் ஸ்ரீநிகேதனில் வளர்த்த கைத்தொழில் அது. அச்சு வேலை செய்த பட்டைத் தோல் பைக்கு இன்றும் தனி மதிப்பு இருக்கிறது. மகாராஷ்டிராவின் கோலாப்பூர் செருப்பும் பட்டைத் தோல்தான். அதில் பின்னல், துளை வேலைகளைப் பெண்கள் செய்கிறார்கள். 2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில், பிராடா என்ற பெரிய நிறுவனம் அதே மாதிரிச் செருப்பை மேடையில் காட்டியது. கோலாப்பூரின் பெயரை முதலில் சொல்லவில்லை. இங்கே எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான், இது இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டது. நம் ஊரில் யாரை ஒதுக்கி வைத்தார்களோ அவர்கள் கைவேலையை உலகம் மேடை ஏற்றுகிறது. அந்தக் கைகளின் பெயரும் கூலியும் மட்டும் பின்தங்கி நிற்கிறது.

தோலைப் பற்றி மேலும் படிக்க விரும்பும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதைச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் குழு

மீட்ட 31 பெல்ட்டையும் தேன்மெழுகு போட்டு, கொஞ்சம் விலை குறைத்து விற்றார்கள். கடனின் கடைசித் தவணை ஏழு மாதம் தாமதமாகத்தான் கட்டி முடிந்தது. அடுத்த சீசனுக்கு 30 பெல்ட் மட்டும் செய்தார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கூட்டத்தில் இப்போது பாட்டி பாயின் ஓரத்தில் இல்லை, நடுவில் உட்காருகிறார். வெள்ளைத் துணிச் சோதனை அவர் பொறுப்பு. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பொருளும் பஸ் ஏறாது. அதற்குக் குழு அவருக்குத் தனியாகக் கூலியும் போடுகிறது. பயிற்சியாளர் என்று தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யாரிடம் என்ன கைத்தொழில் தெரியும்? இதுவரை நாம் கேட்காமல் விட்டவர் யார்?

2. நாம் விற்கும் பொருளின் விலையில் நம் கூலி சேர்ந்திருக்கிறதா? ஒரு பொருளுக்குக் கணக்குப் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

3. பொருள் கடைக்குப் போகும் முன் சோதித்து 'சரி' சொல்லும் பொறுப்பு யாருடையது?

செய்துபார்த்த அனுபவத்தை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். தப்பாகப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு குழுவின் தப்பு மற்றக் குழுக்களுக்குப் பாடம்.